கோட்டு மடிப்பில் தைத்த ரொட்டி

பூரிம் பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் ஹென்யா ஒரு வாத்துச் சிறகையும் மழுங்கிய கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அடுத்த நான்கு வாரத்துக்கு ஸரோவ்கா ஊரில் எந்த வீட்டு அலமாரியும் அவள் கையிலிருந்து தப்பாது. எகிப்தை விட்டு வந்த நினைவாகக் கொண்டாடும் பாஸ்கா வருவதற்குள் வீட்டிலுள்ள புளிப்பு அத்தனையும் வெளியேறியாக வேண்டும். ரொட்டி, ரொட்டித் துணுக்கு, பழைய மாவு, எதுவானாலும் சரி, எட்டு நாளைக்கு யூதர்களான நம்மவர் வீட்டில் ஒரு பொடிகூட இருக்கக் கூடாது, புளிப்பில்லாத அப்பம்தான் சாப்பாடு. மற்றப் பெண்கள் கூலிக்கு வந்தால் பெருக்குவார்கள், துடைப்பார்கள். ஹென்யா தேடுவாள். வைக்கோல் மெத்தையைப் பிரித்து முற்றத்தில் கொட்டுவாள். ஜெபப் புத்தகங்களை முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவாள். மேசைப் பலகையின் இடுக்குகளைக் கத்தியால் சுரண்டி, சுரண்டியதை முகர்ந்து பார்ப்பாள். "அங்க ஒண்ணும் இல்ல ஹென்யாக்கா, போன வாரமே நான் பார்த்துட்டேன்" என்று வீட்டுக்காரி சொன்னால், அந்த இடத்தைத்தான் முதலில் திறப்பாள்.

எல்லாவற்றையும்விட அவள் நேரமெடுத்துச் செய்தது சட்டைப்பைகளைத்தான். குளிர்காலம் முழுக்கப் போட்டுக் கழற்றிய கோட்டுகளின் பைகளை வெளியே இழுத்துத் தையல் ஓரத்தில் சிறகால் தட்டினால் என்னென்னவோ விழும். சூரியகாந்தி விதைத் தோல், பாதி கடித்த பிஸ்கட், பல் போன சீப்பு, யாரோ ஒருத்தியின் தலை ரிப்பன். கிடைத்ததைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து சில ஆண்கள் பூரிம் அன்றே தங்கள் பைகளைத் தாங்களே காலி செய்துவிடுவார்கள். ஊரில் அவளுக்குப் போலீஸ்காரி என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் வருஷா வருஷம் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் தேடிய வீட்டில் பாஸ்கா மேசைக்கு உட்கார்ந்தால் மனசில் குறுகுறுப்பு இருக்காது.

பிறந்ததிலிருந்தே அவள் அப்படி இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு பாஸ்காவுக்கு வீட்டைச் சுத்தம் செய்யப் பரணில் ஏறியபோது ஒரு துணி மூட்டை கிடைத்தது. அடுப்பில் காயவைத்து அடுக்கிய ரொட்டித் துண்டுகள், பக்கத்தில் முடிந்துவைத்த உப்பு. புருஷன் ஃபிஷலைக் கேட்டாள். அவன் வண்டிக்காரன் ஒருவனிடம் வேலை பார்த்துவந்தான். "குதிரைக்குடீ" என்றான். அவள் நம்பினாள். ரொட்டியைப் பண்டிகைக்கு முன் தானே முற்றத்தில் போட்டு எரித்தாள். பண்டிகை முடிந்ததும் அவன் வேறு ரொட்டி காயவைத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரம் சந்தைக்கென்று போனவன் திரும்பவில்லை. ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் வரிசையில் அவனைப் பார்த்ததாக ஒரு தானிய வியாபாரி வந்து சொன்னார். அவன் செத்தான் என்று சொல்லச் சாட்சி இல்லை, விவாகரத்து எழுதிய விடுதலைச் சீட்டும் அனுப்பவில்லை. அதனால் ஹென்யா விதவையும் இல்லை, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவும் வழியில்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் அவளைப் பீப்பாய்க்காரன் அன்ஷெல் கூப்பிட்டுவிட்டான். அன்ஷெல் ஒன்பது வருஷம் மனைவியை இழந்து தனியாக இருந்தவன். போன இலையுதிர் காலத்தில்தான் ஸிவியாவைக் கல்யாணம் செய்திருந்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், உக்ரைன் பக்கம் கலவரமும் பட்டினியுமாக இருந்தபோது, உறைந்த நீஸ்தர் ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தவர்களில் அவள் ஒருத்தி. அவளுக்கு அம்மா யார், அப்பா யார், முன்னால் புருஷன் இருந்தானா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் அக்கரையிலேயே போச்சு" என்பாள். அந்தப் பதில் ஹென்யாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மனிதர்களை ஆறு கொண்டுபோகும், சரி. பெயர்களையுமா கொண்டுபோகும் என்று நினைத்தாள்.

முதல் நாளே அடுப்புக்குப் பின்னால் ஒரு ரொட்டி ஓரம் அகப்பட்டது. எலி இழுத்துப் போட்டிருக்கலாம். இரண்டாவது, தலையணை உறைக்குள். எலி உறைக்குப் பொத்தான் போடாது. ஹென்யா ஒன்றும் சொல்லாமல் அதைத் தகர டப்பாவில் போட்டாள். ஸிவியா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, கை மட்டும் பெரிய கை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. ஹென்யா அதை எடுக்கும்போதே கனம் சரியில்லை என்று கை சொல்லிவிட்டது. பைகள் காலி. கீழ் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். நெருக்கமான தையல், இரட்டை நூல். உள்ளே கட்டி கட்டியாக ஏதோ.

"அது சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் ஸிவியா. எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. "அதை விட்டுடுங்க அக்கா."

"சுத்தமா இருந்தா தொட்டுப் பார்க்கிறதுல என்ன?"

"என் கோட்டை நானே பார்த்துக்கிறேன்."

கோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். ஹென்யா அங்கேயே நின்று கைகளை முகர்ந்து பார்த்தாள். ரொட்டி வாசனை.

இரண்டு நாள் அவள் வேறு வேலையாக இருப்பதுபோல் பாத்திரங்களை ஒதுக்கிவைத்தாள். கண் மட்டும் ஸிவியாமேல் இருந்தது. கட்டிலடியில் இருந்த பூட்ஸுக்குப் புது அடித்தோல் போட்டிருந்தது. எதற்கு? இந்த வீட்டிலிருந்து கிணறுவரைக்கும் போக ஒரு பெண்ணுக்குப் புது அடித்தோல் வேண்டுமா? அலமாரி மூலையில் துணி முடிச்சு, உள்ளே உப்பு. ஹென்யா முடிச்சை இருந்தபடியே வைத்து அலமாரியைச் சாத்தினாள். பாஸ்காவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, ஸிவியா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, கோட்டு மடிப்பில் நான்கு விரல் நீளத்துக்குத் தையலைப் பிரித்தாள். ஏழு துண்டு. ஒவ்வொன்றும் எலும்புபோலக் காய்ந்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கிடைத்ததைப் பற்றிப் பேசப் போனாள்.

அன்ஷெல் பட்டறையில் பீப்பாய்க்கு இரும்பு வளையம் இறக்கிக்கொண்டிருந்தான். சுத்தியல் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"உன் பொண்டாட்டி கோட்டுக்குள்ள ரொட்டி தைச்சு வச்சிருக்கா, அன்ஷெலு."

"உன்னை அதைக் கண்டுபிடிக்கத்தானே கூப்பிட்டேன். எடுத்து எரி."

"காஞ்ச ரொட்டி. உப்பு முடிஞ்சு வச்சிருக்கா. பூட்ஸுக்கு அடித்தோல் போட்டிருக்கா. அது நீ போட்டுக் குடுத்ததா?"

அன்ஷெல் வளையத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. என் வீட்டுப் பரண்ல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அன்னிக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அதான் சொல்றேன்."

"வேலையைப் பாரு ஹென்யா" என்றான். ஆனால் அடுத்த அடி வளையத்தில் விழவில்லை, பலகையில் விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள். சொன்னது சரி என்றுதான் பட்டது. இருந்தாலும் வாயில் கசப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது வீட்டில் அடுப்பு பற்றவில்லை. அன்ஷெல் மேசைக்கு முன்னால் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு நிம்மதியா?" என்றான். "போயிட்டா. நீ சொன்ன மாதிரியே."

"எப்போ?"

"விடியறதுக்குள்ள. நேத்து கேட்டேன், எங்க போறதா உத்தேசம்னு. எங்கேயும் இல்லைன்னா. அப்போ அதை இங்கேயே எரின்னேன். முடியாதுன்னா. ரொட்டியா நானான்னு கேட்டேன்." அவன் மேசையைப் பார்த்தான். "அவ ஒண்ணும் சொல்லல. காலையில கோட்டைக் காணோம்."

ஹென்யாவுக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பழக்க தோஷத்தில் அறையைக் கண்ணால் துழாவினாள். கட்டிலடியில் பூட்ஸ் இரண்டும் அப்படியே இருந்தன. அலமாரியைத் திறந்தாள். உப்பு முடிச்சு அங்கேயே இருந்தது.

"கால்ல என்ன போட்டுட்டுப் போனா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டுக்குள்ள போடற கம்பளிச் செருப்பைக் காணோம், பாரு. இந்தச் சேத்துல கம்பளிச் செருப்போட எவ ஊரை விட்டு ஓடுவா? உப்பை விட்டுட்டு எவ போவா?" அவள் பூட்ஸைக் கையில் எடுத்து அடியைப் பார்த்தாள். புதுத் தோல் இல்லை. பீப்பாய்ப் பட்டறையின் பழைய வார்ப்பட்டையை வெட்டி ஸிவியா தானே ஆணியடித்திருந்தாள். ஓட்டை அடைக்க, அவ்வளவுதான். முதல் நாள் இதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லையே என்று ஹென்யாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கிறவள்.

"ஓடிப் போகல அவ" என்றாள். "போகச் சொன்னதால போயிருக்கா. அது வேற."

அன்ஷெல் படகுத்துறைப் பக்கம் தேடப் போனான். ஹென்யாவுக்கு அன்று பொதுக் குளியல் கூடத்தில் வேலை. முற்றத்தில் பெரிய கொப்பரையை ஏற்றி, ஊர்ப் பெண்களின் பாத்திரங்களை வலையில் கட்டிக் கொதிநீரில் முக்கியெடுத்து, பாஸ்காவுக்குத் தகுதியாக்கித் தர வேண்டும். விறகு எடுக்கப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனபோது, அடுக்கிய கட்டைகளின் மேல்வரிசை கலைந்திருந்தது. தான் நேற்று அடுக்கியது அப்படி இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி, கொப்பரை அடுப்பின் சூடு வருகிற இடத்தில், கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஸிவியா உட்கார்ந்திருந்தாள். ஆற்றைத் தாண்டி வந்தவர்களை முதல் குளிர்காலத்தில் இந்தக் கொட்டகையில்தான் படுக்கவைத்திருந்தார்கள்.

"எழுந்து வா" என்றாள் ஹென்யா.

"இதையும் கொப்பரையில போடப் போறீங்களா?"

ஹென்யா ஒரு கட்டையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே பெண்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. "தண்ணி இன்னும் கொதிக்கல, கத்தாதீங்கடீ" என்று திரும்பிப் பாராமல் குரல் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அது யாருக்கு?"

"எனக்கு."

"பொய். உனக்குன்னா திங்கற மாதிரி வச்சிருப்ப. ஏழு துண்டையும் தனித்தனியாத் துணியில சுத்தியிருக்க."

ஸிவியா கோட்டு மடிப்பைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு பேசினாள், விறகைப் பார்த்துக்கொண்டே.

"பெஸ்யான்னு தங்கச்சி எனக்கு. பதினேழு வயசு. ஊரைக் கொளுத்தினதுக்கப்புறம் ரெண்டு பேரும் சோளக்காட்டுல படுத்திருந்தோம். பனி விழ ஆரம்பிச்சிருச்சு. என்கிட்ட ஒரு ரொட்டித் துண்டு இருந்துச்சு. இந்தக் கோட்டுக்குள்ள. அவ கேட்டா, அக்கா ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னேன். ஆத்தைத் தாண்டற அன்னிக்கு வேணுமேன்னு வச்சிருந்தேன். மறுபடியும் கேட்டா. இல்லவே இல்லைன்னேன். காலையில அவ எழுந்திரிக்கல."

ஹென்யா அவள் முகத்தையே பார்த்தாள். உடனே நம்பிவிடுகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று.

"எந்த ஊர்ச் சோளக்காடு?"

"யாம்பில் பக்கம்."

"பனி விழற மாசத்துல சோளத்தை அறுக்காமலா விட்டிருப்பாங்க?"

"அறுக்க ஆள் ஏதுக்கா?"

"அந்த ரொட்டியை என்ன பண்ணின?"

ஸிவியா தலையை நிமிர்த்தினாள். "தின்னேன். அவ பக்கத்துலயே உட்கார்ந்து தின்னேன்."

அந்த இடத்தில்தான் ஹென்யா நம்பினாள். கதை கட்டுகிறவர்கள் அதில் தங்களை நல்லவர்களாக வைத்துக்கொள்வார்கள். ஃபிஷல் குதிரைமேல் பாசம் உள்ளவனாக வைத்துக்கொண்டான். தன்னை இவ்வளவு கேவலமாகக் காட்டுகிற பொய்யை அவள் இதுவரை எந்தப் பையிலும் கண்டதில்லை.

"அன்னிலேர்ந்து மடிப்புல இல்லைன்னா தூக்கம் வராது" என்றாள் ஸிவியா. "போன பாஸ்காவுக்கு நான் ஒரு பண்ணையில வேலை பார்த்தேன், அவங்க நம்மவங்க இல்ல, யாரும் தேடல. இப்போ எட்டு நாள். எரிக்கச் சொல்றார். என் கையால எப்படி அக்கா?"

ஹென்யா எழுந்தாள். கட்டளை கட்டளைதான். ஏழு துண்டை விட்டுவிட்டு அன்ஷெல் வீடு சுத்தம் என்று அவள் சொல்ல முடியாது. "இங்கேயே இரு. எங்கேயும் போகாத" என்றாள். நாலடி போனவள் திரும்பி வந்து, "செருப்பைக் கழட்டிக் குடு" என்று ஈரச் செருப்பு இரண்டையும் வாங்கி அடுப்போரம் காயவைத்துவிட்டுப் போனாள். காயவைக்கத்தான் வாங்கினாளா, போய்விடாமல் இருக்க வாங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

ஊர்க் குருவான ரப்பியின் வீட்டில் புத்தகங்களெல்லாம் வெளியே வெயிலில் விரித்துக் கிடந்தன. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஊதிக்கொண்டிருந்தார்.

"ரப்பி, ஒரு கேள்வி. புளிப்பில்லாத அப்பத்தைத் துணிக்குள்ள வச்சுத் தைச்சா தப்பா?"

"யாரு தைக்கிறா?"

"யாரோ."

"எதுக்கு?"

"அது கேள்வியில இல்ல."

ரப்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். "துணியில பழைய பொடி இருக்கக் கூடாது. மிதிபடற இடமா இருக்கக் கூடாது. மத்தபடி, மாவைத் துணியில கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுத்தானே நாம எகிப்தை விட்டு வந்தோம். துணியில கட்டறதுக்கா என்கிட்ட உத்தரவு கேக்க வந்த?"

இவ்வளவு சுலபமாகப் பதில் கிடைத்தது ஹென்யாவுக்குச் சந்தேகமாக இருந்தது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள். ரப்பி அடுத்த பக்கத்தை ஊதினார்.

படகுத்துறையிலிருந்து முழங்கால்வரை சேறாகத் திரும்பிக்கொண்டிருந்த அன்ஷெலை அவள் வழியில் பிடித்தாள். தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள். சோளக்காட்டைப் பற்றிச் சொன்னாள். தின்றதைச் சொல்லவில்லை, அது ஸிவியா சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள். அன்ஷெல் தெருவில் நின்று முழுதும் கேட்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லல அவ?"

"நீ ரொட்டியா நானான்னு கேட்ட. என்னன்னு கேட்டியா?"

அவன் கொட்டகைக்குள் போய் ஸிவியா முன்னால் குந்தினான். ஹென்யா வெளியே கொப்பரையடியில் நின்றாள். காது மட்டும் உள்ளே இருந்தது.

"எரிக்க வேண்டாம்" என்று அன்ஷெல் சொன்னது கேட்டது. "ஊர்ப் புளிப்பை எல்லாம் ரப்பி வருஷா வருஷம் நம்மவன் இல்லாத படகுக்காரன் ட்ரோஃபிமுக்கு வித்து எழுதித் தர்றார். இதையும் சேர்த்துடலாம். பட்டறை அலமாரியில வச்சுப் பூட்டிச் சாவியை அவன்கிட்ட குடுத்துடுவேன். எட்டு நாள் அது அவனோடது. அப்புறம் உன்னோடது."

"அவன் தின்னுட்டா?"

"ஏழு வருஷம் வோட்காப் பீப்பாய் மொத்தத்துக்கும் அவன்கிட்ட சாவி இருந்துச்சு. ஒரு சொட்டு தொடல. உன் காஞ்ச ரொட்டியையா தின்னப் போறான்?"

ஸிவியாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஹென்யாவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் தாமிரச் சட்டியோடு நின்ற பெண், "உள்ள யாரு ஹென்யாக்கா?" என்றாள். "எலி" என்று சொல்லிச் சட்டியை வாங்கி முக்கினாள்.

அன்று சாயங்காலம் அன்ஷெல் மெழுகுவர்த்தியோடு மூலை மூலையாகக் கடைசித் தேடல் தேடுவதற்கு முன்னால், ஹென்யா கோட்டின் மடிப்பை முழுக்கப் பிரித்து, ஏழு துண்டையும் அன்ஷெலிடம் கொடுத்து, உள்புறத்தைச் சிறகால் தட்டி, முற்றத்தில் பத்து தடவை உதறினாள். பிறகு புளிப்பில்லாத புது அப்பத்தை ஏழாக உடைத்து, ஒவ்வொன்றையும் சுத்தமான துணியில் சுற்றி வைத்தாள். ஸிவியா தைத்தாள். தையல் நெருக்கமாக இருக்கிறதா என்று ஹென்யா விரலால் தடவிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறைப் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்த எட்டு நாளும் ஸிவியா தூங்கினாள் என்று பின்னால் அவளே வந்து சொன்னாள். பண்டிகை முடிந்ததும் ட்ரோஃபிம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஏழு துண்டும் இருந்தன. ஸிவியா அவற்றைத் திரும்பத் தைத்தாளா என்று ஹென்யா கேட்கவில்லை. கேட்டால் கையும் தடவிப் பார்க்கப் போகும் என்று பயந்தாள். தங்கையின் பெயரை ரப்பி ஜெபக்கூடத்தின் இறந்தவர் பட்டியலில் எழுதினார். எந்த நாளில் இறந்தாள் என்று தெரியாததால், முதல் பனி விழுகிற நாளென்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஸிவியாவுக்கு ஒரு பெண் பிறந்தது. அதற்குப் பெஸ்யா என்று பெயர்.

அன்ஷெல் ஹென்யாவை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. பாஸ்காவுக்குத் தானே வீட்டைச் சுத்தம் செய்தான். ஒன்றும் சரியாகச் செய்திருக்க மாட்டான் என்று ஹென்யாவுக்கு நிச்சயம். தெருவில் பார்த்தால் தலையசைப்பான், பேச மாட்டான். அதை அவள் நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு போகும் வேலையை அவளும் விடவில்லை, பைகளை இழுப்பதையும் விடவில்லை. ஆனால் கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன ஏது என்று வீட்டுக்காரியிடம் முதலில் கேட்கத் தொடங்கினாள். பதிலை நம்பினாள் என்று சொல்ல முடியாது. கேட்டாள்.

நான்காம் வருஷம் பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்பு, அன்ஷெல் அவள் வாசலில் ஒரு புது மரத் தொட்டியை இறக்கிவைத்தான். ஓக் மரம், மூன்று வளையம். பாஸ்காப் பாத்திரம் கழுவ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஹென்யா அதைச் சுற்றி வந்தாள். பலகைகளைத் தட்டிப் பார்த்தாள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அடியில் உலர்ந்த துணியை விரித்து, நாள் முழுக்க வைத்திருந்தாள். சாயங்காலம் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை.